நாடா கட்டும் இடம்

ஐயா, வணக்கம். நான் திருப்பூரில் தையல் வேலை செய்கிறேன். மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, வயிற்றில் இடது பக்கம் குடலை வெளியே எடுத்து வைத்து, மலம் சேர நிரந்தரமாகப் பை மாட்டி மூன்று வருடமாகிறது. இப்போது அதைச் சுற்றிக் குடலிறக்கம் வந்து புடைத்திருக்கிறது. மிஷினில் குனிந்து உட்கார்ந்தால், பையைத் தோலில் ஒட்டும் பிளேட் விட்டுக் கசிகிறது. தோல் வெந்து எரிகிறது. பை நிறையக் கூடாதென்று பகலில் சாப்பிடுவதில்லை. கல்யாணம் காட்சிக்கும் போவதில்லை. வலது பக்கம் மாற்றி வைக்கலாம் என்கிறார் டாக்டர். இன்னொரு தடவை கத்தி வேண்டாம் என்கிறாள் மனைவி. தை வரை பொறுக்கச் சொல்கிறார் ஜோசியர். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சாப்பிடுங்கள். வயிறு காய்ந்தால் பையில் காற்றுதான் சேரும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் எழுந்து போய்க் காலி செய்துவிட்டு வரவேண்டியதுதானே? சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சமா? புற்றுநோயைத் தாண்டி வந்தவருக்கு சூப்பர்வைசர் ஒரு ஆளா?

ஜோசியரை விட்டுவிடுங்கள்.

‘மிஷினில் குனிந்து உட்கார்ந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சிக்கும் இதே பை இருந்தது. போன மாதம் அவருடைய பெட்டியை ஒழித்தபோது பழைய பட்டாபட்டி டவுசர் ஒன்று கிடைத்தது. இடுப்புப் பட்டையை அறுத்துவிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு வேறு துணி கொடுத்து, நாடா மார்புக்குக் கீழே வரும்படி அம்மிச்சி கையாலேயே தைத்திருந்தாள். மலம் வெளியே வரும் குடல் வாயை நாடா விழும் இடத்திலேயே டாக்டர்கள் வைத்துவிட்டார்கள். வேட்டி முடிச்சும் அங்கேதான். வாழ்நாளெல்லாம் அந்த இடத்தில் கட்டிப் பழகிய மனுசன், கடைசிக் காலத்தில் வேட்டியை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் மடை மாற்றினார். ஊர்ப் பையன்கள் சிரித்தார்கள்.

அவசரத்தில் செய்த ஆபரேஷன் என்றால் மன்னித்திருப்பேன். அது தேதி குறித்துச் செய்தது. முதல் நாளே அவரை உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, வேட்டியைக் கட்டச் சொல்லிப் பார்த்து, மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். படுத்தால் எல்லோர் வயிறும் சமதளம்தான். உட்கார்ந்தால்தானே மடிப்பு விழுகிறது! மடிப்பு, பழைய தழும்பு, தொப்புள், இடுப்பெலும்பு, பெல்ட் விழும் இடம் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். பிளேட் ஒட்டச் சமமான இடம் வேண்டும். குனிந்து பார்த்தால் உங்கள் கண்ணுக்கே அது தெரியவும் வேண்டும்.

உங்களுக்கு வலது பக்கம் என்கிறார்கள். நாளெல்லாம் வலது முட்டியால் தட்டி மிஷின் பாதத்தைத் தூக்குகிறவர் நீங்கள். அப்போது அந்தப் பக்கம் வயிறு எப்படி மடிகிறது என்று நீங்கள் உட்கார்ந்து காட்டாமல் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். மாற்றி வைத்த இடத்திலும் குடலிறக்கம் வரலாம். தைத்து மூடிய பழைய இடத்திலும் வரலாம். வயிற்றுச் சுவர் வலுப்பட வலை வைத்துத் தைப்பார்களா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் குழிவான பிளேட்டையும் இடுப்புப் பெல்ட்டையும் பை வைத்தவர்களைக் கவனிக்கும் ஸ்டோமா நர்ஸ் ஒருவரிடம் காட்டி ஒத்துவருமா என்று பார்த்தீர்களா? மூன்று வருடம் முன்பு சொன்ன அளவிலேயே இன்னும் பிளேட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். புடைத்த பிறகு குடல் வாயின் அளவு மாறியிருக்கும். சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடம் விட்டால் தோல் வேகத்தான் செய்யும். அப்புறம், பையில் எதுவும் வராமல் வயிறு வலித்து வாந்தி எடுத்தாலோ, குடல் வாய் கறுத்தாலோ, எதையும் யோசிக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மனைவி பயப்படுவது நியாயம்தான். அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும்.

போகும்போது வேலைக்குப் போடும் பேன்ட், பெல்ட், வீட்டு லுங்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், கட்டிக் காட்டி, உட்கார்ந்து காட்டுங்கள். ‘அதெல்லாம் தியேட்டர்ல பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?