சுவரில் நிழல் விழவில்லையே!

கேள்வி: இலை நரம்பு மாதிரி வெட்டிய பித்தளைச் சுவர் விளக்கு ஒன்று வாங்கினேன். கடையில் நரம்புகள் சுவரெங்கும் நிழலாகப் படர்ந்திருந்தன. வீட்டில் மாட்டினால் மங்கலான மஞ்சள் வட்டம்தான் தெரிகிறது. விளக்கில் கோளாறா?

பதில்: விளக்கைத் திட்டாதீர்கள். பல்பைப் பாருங்கள், பால் வெள்ளையில் உருண்டையாக இருக்கிறதா? வேலையைக் காட்டுவது அதுதான். வெளிச்சம் கிளம்பும் இடம் எவ்வளவு சிறியதோ, நிழல் அவ்வளவு கூர்மையாக விழும். பால் வெள்ளைப் பல்பிலோ உருண்டை மொத்தமும் ஒளிர்கிறது. பல்புக்கும் சுவருக்கும் சரிபாதியில் தகடு இருந்தால், 6 செ.மீ. அகலப் பல்பு நிழலின் ஓரத்தையும் 6 செ.மீ. அகலத்துக்குக் கலைத்துவிடும். நரம்பு சில மில்லிமீட்டர்தானே, எங்கே தெரியப்போகிறது?

தெளிந்த கண்ணாடி பல்பு என்று மட்டும் கேட்டால் போதாது. இழை இழையாக எரியும் எல்.இ.டி. பல்பு பார்க்க அழகுதான். ஆனால் நாலு இழைக்கு நாலு நிழல் விழுந்து, ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒரே புள்ளியில் வெளிச்சம் தரும் சின்ன எல்.இ.டி.யாகக் கேளுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு கெல்வின்; இளமஞ்சளாக எரியும் 2700 கெல்வின் என் சிபாரிசு. பித்தளைக்குள் வெள்ளையாக எரியும் 6500 போட்டால் அந்த மஞ்சள் சோகை பிடித்ததுபோல் வெளுத்துவிடும்.

அப்புறமும் மங்கலாக இருந்தால் தகட்டைச் சுவருக்குக் கொஞ்சம் நெருக்குங்கள். நிழல் சிறுக்கும், ஆனால் தெளியும். உடம்பெல்லாம் உலோகம் என்பதால் எர்த் கம்பி இணைத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மரக்கிளை வடிவமா, இலை நரம்பா? எதை வாங்கலாம்?

பதில்: துடைப்பது நீங்கள் என்றால் இலை நரம்பு! பெரும்பாலான இலைகளில் நரம்புகள் ஒன்றோடொன்று கண்ணி கண்ணியாகச் சேர்ந்திருக்கும். பூச்சி ஓர் இடத்தைக் கடித்தாலும் தண்ணீர் வேறு வழியாகப் போய்விடும். தகட்டிலும் அதே வசதி: ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் பிடிப்பு இருப்பதால் சுலபத்தில் வளையாது. கிளை வடிவத்தில் நுனிகள் அந்தரத்தில் நிற்கும். துணி சிக்கி இழுத்தால் வளைந்துவிடும், நிமிர்த்தினாலும் பழைய நேர்த்தி வராது. கிளைதான் வேண்டுமென்றால் கனமான தகடாகப் பார்த்து வாங்குங்கள். தூசிக்குத் துணி வேண்டாம், மெல்லிய பிரஷ் போதும்.