முழங்கால் வீங்கினால் நடை எதற்கு?

கேள்வி: உயரம் 160 செ.மீ., எடை 120 கிலோ. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் நடந்தேன். பத்தே நாளில் முழங்கால் வீங்கிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்ததில் முதல் வாரம் 3 கிலோ இறங்கியது, அப்புறம் அசையவில்லை. வாழ்க்கைமுறையை மாற்றினால் என் எடையெல்லாம் குறையுமா?

பதில்: குறையும். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 47-ஐ ஒட்டி வருகிறது. 40-ஐத் தாண்டினாலே தீவிரப் பருமன்தான். முதல் ஆறு மாதத்துக்கு இலக்கு 5 முதல் 10 சதவீதம், அதாவது 6 முதல் 12 கிலோ. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் இறங்க அதுவே போதும்.

சாப்பாட்டில் கை வைக்கும் முன் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். அதில் கிளைமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், அளவை மாற்றாமல் உணவைக் குறைக்கும்போது சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம்.

அந்த 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்ததும் நீரும் போய்விடும். அசலான கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். தினமும் 500 முதல் 750 கலோரி குறைவாகச் சாப்பிட்டால், வாரத்துக்கு அரை கிலோ போல இறங்கும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடும்.

சாப்பிட்டதைச் சாப்பிட்ட கையோடு எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து எழுதினால் எண்ணெய் விட்டுப்போகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி! முதலில் நிறுத்த வேண்டியது இனிப்புப் பானங்களை. புரதம் நாளைக்கு சுமார் 70 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

நடையில் தப்பு உங்களுடையதல்ல, ஆரம்ப அளவினுடையது. வீக்கம் வடிந்த பிறகு 5 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. வாரத்துக்கு 1 அல்லது 2 நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலை வலி அதிகமாக இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்கே இறங்கிவிடுங்கள். கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஐந்தைந்தாக இரண்டு முறை. தொடைத் தசை வலுத்தால் மூட்டு பிழைக்கும். இடுப்பளவு நீரில் நடக்க வாய்ப்பிருந்தால் அதுவே உத்தமம். 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறையும். பொதுவாகச் சொல்லப்படும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்பது மாதங்கள் கழித்து வரவேண்டிய கணக்கு.

சில மாதங்களில் எடை மறுபடி நிற்கும். உடல் இளைத்தால் எரிக்கும் கலோரியும் குறையும், பசி கூடும். அப்போது பட்டினி கிடக்காதீர்கள். எடை குறைக்கும் ஊசி மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது தோல்வியே அல்ல.

கேள்வி: என் கணவர் ஏறினால் வீட்டு எடை எந்திரம் ‘எரர்’ காட்டுகிறது. பழுதா?

பதில்: இருக்காது. பல வீட்டு எந்திரங்கள் 150 கிலோவோடு நின்றுவிடும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வரம்பு இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும்போதும் பெரிய கைப்பட்டை கேளுங்கள். சின்னதைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், வேண்டாத மாத்திரை ஒன்று சேரும்.