கன்னியர் மடத்து வாழ்க்கை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நல்லாயன் ஞாயிறையொட்டி, துறவற வாழ்வைப் பற்றி மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் கேட்குமாறு சொல்லியிருந்தேன். கேள்விகள் நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வந்துள்ளன. நான் திருகோணமலையில் பணிசெய்யும் பெண்கள் சபையொன்றின் உறுப்பினர். பாடசாலையில் கற்பித்து ஓய்வு பெற்றவள். இடையில், துறவற வாழ்வுக்குப் பயிற்சி பெறும் புதியவர்களான நவதுறவியரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பிலும் இருந்தவள். எனக்குத் தெரிந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

பாலையூற்று, மாணவி: சிஸ்டர், மடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? நாள் முழுவதும் செபம்தானா?

பதில்: நாள் முழுவதும் செபித்துக்கொண்டிருந்தால் சோறு யார் சமைப்பது, மகள்? எங்களைப் போன்ற பணிச் சபைகளில் காலை ஐந்து மணியளவில் எழுகிறோம். சிற்றாலயத்தில் மௌனத் தியானம், அதன்பின் திருச்சபையின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையின் காலைச் செபம், பிறகு திருப்பலி. மடத்தில் பூசை இல்லாத நாட்களில் பங்குக் கோவிலுக்கு நடந்து போகிறோம். பாடசாலைக்குப் போகவேண்டியவர்கள் இருப்பதால் காலை உணவு பேச்சுக்கு இடம் கொடாத வேகத்தில் முடிந்துவிடும். நண்பகலில் சில நிமிடங்கள் ஆன்ம சோதனை. பிற்பகலில் விடுதிப் பிள்ளைகள், நோயாளர் சந்திப்பு, மறைக்கல்வி, கணக்கு, தோட்டம் என்று அவரவர்க்கு உரிய வேலை இருக்கும். மாலையில் செபமாலையும் மாலைச் செபமும், இரவு உணவுக்குப் பின் எல்லோரும் கூடியிருந்து பேசிச் சிரிக்கும் நேரம், பிறகு இராச் செபம், அதன்பின் விடியும்வரை மௌனம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்கு வாக்களிக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளை எண்ணியே புதிதாக வருபவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் பயிற்சிக் காலத்தில் நான் கண்ட கண்ணீரில் பெரும்பங்கு அவற்றால் வந்ததன்று. நாம் தெரிவு செய்யாத ஆறேழு பேருடன் ஒரே மேசையில் ஆண்டுக்கணக்காக உண்பதே இந்த வாழ்வின் கடினமான பகுதி. ஒருவருக்குச் சொதியில் உறைப்பு வேண்டும், அடுத்தவருக்கு வயிற்றுப் புண். கச்சான் காற்று வீசும் வெக்கை இரவில் ஒருவருக்கு மின்விசிறி இல்லாமல் நித்திரை வராது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கோ பீனிசம். யாழ்ப்பாணத்தவர், மன்னாரவர், மட்டக்களப்பவர், சிங்களச் சகோதரி என்று ஊரும் பேச்சும் வேறுபட்டவர்கள் ஒரு கூரையின்கீழ் வாழும்போது மனத்தாங்கல் வராமல் இராது. அது முற்றிய நாளிலும், மணி அடித்தவுடன் எதிரெதிர் வரிசையில் நின்று, முகம் கொடுக்க விரும்பாதவருடன் மாறிமாறித் திருப்பாடலைச் சொல்லியே ஆகவேண்டும். இளையவர்கள் கால அட்டவணையை விலங்கு என்கிறார்கள். எங்களை மறுபடியும் பேசவைத்தது பெரும்பாலும் அந்த அட்டவணைதான்.

பெயர் தராத ஒருவர்: தலைமயிரை மழித்துவிடுவார்களா?

பதில்: இல்லை.

ஓர்ஸ் ஹில், ஒரு தாய்: மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். தியானத்துக்குப் போய்வந்த நாள்முதல் இப்போதே மடத்தில் சேரவேண்டும் என்று அழுகிறாள்.

பதில்: அம்மா, அழுகையை மதியுங்கள், அவசரத்தை மதிக்க வேண்டாம். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி 17 வயது நிறைவடையாதவரை நவதுறவுக்கு ஏற்றுக்கொள்வது செல்லாது. 18 வயதுக்கு முன் முதல் வார்த்தைப்பாடும், 21 வயதுக்கு முன் இறுதி வார்த்தைப்பாடும் செல்லாது. நவதுறவு குறைந்தது 12 மாதங்கள். பல சபைகளில் இரண்டு ஆண்டுகள். அதற்கு முன்னர் சபைக்குச் சபை வேறுபடும் முன்பயிற்சியும், அதன்பின் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் தற்காலிக வார்த்தைப்பாடும் உண்டு. தேவைப்பட்டால் அதை மொத்தம் ஒன்பது ஆண்டுகள் வரை நீட்டலாம். இத்தனை நீளமான பாதையில் உயர்தரத்துக்கான இரண்டு ஆண்டுகள் முந்திப் போவதால் யாருக்கும் நட்டமில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதாமல் எந்தப் பிள்ளையும் பெட்டி கட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நவதுறவி எந்த நாளும் சுதந்திரமாக வெளியேறலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கையில் கல்வித் தகைமை இல்லாத பிள்ளை, வெளியே போய் என்ன செய்வது என்ற பயத்தினாலேயே உள்ளே இருந்துவிடுகிறாள். பயத்தினால் தங்கியவளைக் கடவுளின் அழைத்தல் பெற்றவள் என்று நான் கணக்கிடமாட்டேன்.

நிலாவெளி, 26 வயதுப் பெண்: வீட்டுக்காக என் பெயரில் நுண்கடன் எடுத்திருக்கிறோம். சேர்ந்த பின் வீட்டார் கட்டுவார்கள் என்றால் போதுமா?

பதில்: போதாது. அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே தடுக்கிறது. அடைத்து முடித்த கடிதத்தைப் பெற்றுக்கொண்டு வாருங்கள். பிறருடைய கடனுக்கு நீங்கள் பிணை நின்ற கையெழுத்தும் இதில் அடங்கும். குழுக்கடனில் அது இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உவர்மலை, பெயர் வேண்டாம் என்றவர்: மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருக்கிறேன். சொன்னால் சேர்க்கமாட்டார்களோ?

பதில்: சொல்லுங்கள். உடல்நலம், குணவியல்பு, முதிர்ச்சி ஆகியவற்றைப் பார்க்கும் கடமை சபைக்கு உண்டு. அதே சட்டம் உங்கள் அந்தரங்கத்தைக் காக்கும் கடமையையும் அதன்மேல் வைக்கிறது. சொன்னதற்காக மறுத்தால், அந்தச் சபை உங்களுக்கு ஏற்றதன்று என்று முன்னதாகவே தெரிந்துகொண்டீர்கள். மறைத்துச் சேர்ந்தால் மருந்தை ஒளித்து வைத்து விழுங்க வேண்டிவரும், அல்லது நிறுத்திவிடுவீர்கள்; இரண்டும் ஆபத்து. இன்னொன்றும் அறிந்திருங்கள்: தன் மனச்சாட்சியைத் திறந்து காட்டுமாறு உறுப்பினரைத் தூண்டும் உரிமை எந்த இல்லத் தலைவிக்கும் கிடையாது. நீங்களாக விரும்பிச் சொல்வது வேறு.

இளைஞர் ஒருவர்: இயேசு சபையில் சேர என்ன படிக்கவேண்டும்? சகோதரராக இருப்பதற்கும் குருவாக இருப்பதற்கும் சம்பளத்தில் வேறுபாடு உண்டா?

பதில்: தம்பி, சம்பளம் பார்த்துச் சேரும் இடமன்று அது. 1893 இல் உருவான இந்த மறைமாவட்டத்தை முதலில் பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் அமெரிக்கரும் பொறுப்பேற்று நடத்தினார்கள். 1947 முதல் 1974 வரை ஆயராக இருந்த இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகையும் அச்சபையினரே. ஆகவே இந்த ஊரில் அவர்களைப் பற்றிச் சொல்ல வயதானவர்கள் பலர் இருக்கிறார்கள். மீதியை அவர்களுடைய சுவாமிமாரிடமே நேரில் கேளுங்கள்.

சாம்பல்தீவு, ஆசிரியை: வெளிப்பணி எதுவும் இல்லாத, செபமும் மௌனமும் மட்டும் உள்ள வாழ்வையே நாடுகிறேன்.

பதில்: அப்படியானால் எங்கள் கதவைத் தட்டாமல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928 இல் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். பெண்களுக்கான கிளையும் உண்டு. அவர்கள் தயாரிக்கும் நெல்லிரசப் போத்தல் வழியாக மட்டும் அவர்களை அறிந்தவர்கள் நம்மிடையே அதிகம்.

மூதூர், ஓர் அண்ணன்: என் தங்கை கன்னியாஸ்திரி, அரசாங்க ஆசிரியை. சம்பளம் முழுவதும் சபைக்குப் போகிறது. அம்மாவுக்குச் சிறுநீரக நோய். மருந்துக்கு நாங்கள் கடன்படுகிறோம். இது நீதியா?

பதில்: உதவிபெறும் பாடசாலைகளை 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பொறுப்பேற்ற பிறகு, அவற்றில் கற்பித்த கன்னியர் பலர் அரச ஊழியர்களானார்கள். அன்றுமுதல் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருந்தே வருகிறது. துறவி தன் உழைப்பால் பெறுவது அனைத்தும் சபைக்கு உரியது, ஓய்வூதியமும் அப்படியே. உங்கள் தங்கையின் சம்பளத்தில்தான், வாழ்நாள் முழுவதும் அடுப்படியில் நின்று ஒரு ரூபாய் ஓய்வூதியமும் பெறாத மூத்த சகோதரிக்கு மருந்து வாங்கப்படுகிறது; நவதுறவியரின் படிப்பும், மின்கட்டணமும், விடுதிக் கட்டணம் செலுத்த முடியாத பிள்ளையின் சோறும் அதிலிருந்தே போகின்றன. ஏழ்மை வார்த்தைப்பாடு நடைமுறையில் இதுதான். அதனை அநீதி என்று நான் சொல்லமாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இடையில்: கன்னியர் இல்லாவிட்டால் இந்த ஊரில் எத்தனை பெண்பிள்ளைகள் படித்திருப்பார்கள்? கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையின் சம்பளத்துக்குக் கணக்குக் கேட்பது அழகா?

கனடாவிலிருந்து ஒருவர்: ஐயா, தாய் தந்தையைப் போற்றுவது நான்காம் கட்டளை. மாற்கு 7 ஆம் அதிகாரத்தைப் படித்தீர்களா?

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆசிரியர் ஐயா, கணக்குக் கேட்பது அழகுதான். கணக்குச் சொல்லத் தயங்கும் மடமே அழகற்றது. கனடாவில் இருக்கும் சகோதரர் சுட்டிய பகுதி எங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதப்பட்டது போல் உள்ளது. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் அங்கே கடிந்துகொள்கிறார். ஆகவே சம்பளம் சபைக்கு உரியது என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. சம்பளத்தைப் பெறும் சபை, அந்தச் சகோதரியின் பெற்றோர் மீதான கடமையிலும் பங்கைப் பெறுகிறது. தேவையுள்ள பெற்றோருக்கு உதவ, சபையின் மாகாணத் தலைவியும் ஆலோசனைக் குழுவும் தீர்மானிக்கலாம். தாயைப் பராமரிக்கத் தகுந்த காரணம் இருந்தால், குழுவின் இசைவுடன் ஓர் ஆண்டு வரை மடத்துக்கு வெளியே தங்கவும் அனுமதிக்கலாம்.

இதே இடத்தில் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. எங்களைப் போன்ற சபைகளில் சகோதரி முதல் வார்த்தைப்பாட்டின்போது தன் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பைத்தான் வேறொருவரிடம் கொடுக்கிறார், உரிமையை அன்று. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் மரணசாசனமும் எழுதவேண்டும். மடத்துக்குப் போனவளுக்கு ஏன் வளவு என்று சொல்லி, கேளாமலே அவளுடைய பங்கை எழுதி எடுத்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. சம்பளத்துக்கு நீதி கேட்பவர்கள் உறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

முன்னாள் சகோதரி ஒருவர்: நீண்ட காலம் கற்பித்த பிறகு முறைப்படி அனுமதி பெற்று வெளியேறினேன். கையில் கிடைத்தது பஸ் கட்டணத்தைவிடச் சற்றுக் கூடுதல். கேட்டபோது, சட்டப்படி உங்களுக்கு எதுவும் உரியதன்று என்றார்கள்.

பதில்: அந்தத் திருச்சபைச் சட்டத்தின் இலக்கம் 702. செய்த பணிக்காக எதையும் உரிமையாகக் கோர முடியாது என்பது அதன் முதற் பகுதி. பிரிந்து செல்பவரிடம் சபை நியாயத்தோடும் நற்செய்தி கூறும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. உங்களுக்குப் பதில் சொன்னவர்கள் பாதிச் சட்டத்தோடு வாசிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் பகுதியைக் குறிப்பிட்டு இப்போதும் எழுதலாம். சபைத் தலைமையிடம் பயன் கிட்டாவிட்டால் ஆயரின் ஆலோசனையைக் கேட்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மீண்டும்: இப்படிப்பட்ட கதைகள் இளம் பிள்ளைகளின் அழைத்தலைக் குலைத்துவிடும்.

பதில்: இதைக் கேட்டுக் குலையும் அழைத்தல் குலையட்டும், ஐயா. நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு குலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

பலர்: இந்த வெயிலில் அங்கி கட்டாயமா?

பதில்: சபையின் சட்டப்படி உடுத்துகிறோம். எங்களுடையது வெள்ளைப் பருத்தி. சில சபைகளில் சேலை. உங்களைவிட எங்களுக்கு அதிகம் வியர்ப்பதில்லை. இந்தக் கேள்வியை இனி அனுப்ப வேண்டாம்.

கோணேசர் கோவிலடி, பல்கலைக்கழக மாணவி: சைவக் குடும்பத்தில் பிறந்து சென்ற ஆண்டு ஞானஸ்நானம் பெற்றேன். சேர முடியுமா?

பதில்: கத்தோலிக்கராக இருப்பது நிபந்தனை, அது உங்களிடம் உண்டு. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணமாகாத நிலை ஆகியவற்றுக்கான சான்றுகளைக் கேட்பார்கள். ஆயினும் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களைச் சில ஆண்டுகள் பொறுத்திருக்கச் சொல்வது பல சபைகளின் வழக்கம், அது நல்ல வழக்கமே. ஒரு பங்கில் சாதாரண விசுவாசியாக, பாடற்குழுவிலோ மறைக்கல்வியிலோ, மார்கழியில் கோவிலைக் கூட்டிப் பெருக்குவதிலும் கைகொடுத்து வாழ்ந்து பாருங்கள். வீட்டில் அம்மாவுடன் இதைப் பற்றிப் பேசிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பேசாமல் வரவேண்டாம், அவர் சம்மதிக்காவிட்டாலும், மற்றவர் வாயால் அறியும் நிலை அவருக்கு வரக்கூடாது.

கிண்ணியாப் பக்கம், மாணவி: சாதாரண தரம் முடித்துவிட்டேன், இப்போதே சேரலாமா?

பதில்: ஓர்ஸ் ஹில் தாய்க்கு எழுதியதைப் படியுங்கள். உயர்தரம்.

மூதூர் அண்ணன், மறுபடியும்: அப்படியானால் தங்கையிடமே பணம் கேட்கட்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை. தொலைபேசியில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் இரவு முழுவதும் நித்திரையில்லாமல் இருப்பார். மாகாணத் தலைவிக்குக் கடிதம் எழுதுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியின் பிரதி, மாதம் மருந்துக்கு ஆகும் தொகை, பிள்ளைகள் ஒவ்வொருவரும் இப்போது கொடுக்கும் பங்கு ஆகியவற்றை மறைக்காமல் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பங்கையும் எழுதத் தவறவேண்டாம். பங்குத்தந்தையின் கடிதம் ஒன்றும் உதவும். எழுதுவதற்கு முன் தங்கைக்கு அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தலைவி கூப்பிட்டு விசாரிக்கும்போது அவர் திகைத்துப் போவார். குழு கூடித் தீர்மானிக்கச் சில வாரங்கள் எடுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அனுப்பிய கடிதத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.