40,000 ரூபாய் கோர்ஸா, அப்பாவோட சைட்டா?

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் 40,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் பி.எம்.பி. சான்றிதழ் வாங்கித் தருவதாகவும், படிப்பு முடிந்ததும் நேராக மேனேஜர் வேலைக்குப் போகலாம் என்றும் சொல்கிறார்கள். அப்பா கட்டட மேஸ்திரி. கடன் வாங்கித்தான் கட்டணும். எங்கள் வீட்டில் இந்தத் துறை பற்றித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கட்டலாமா? கல்லூரியில் இருக்கும்போதே வேறு என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம். கட்டாதீர்கள்.

பி.எம்.பி. என்பது ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்காக பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் தேர்வு. நான்கு வருட டிகிரி முடித்தவர் அதற்கு விண்ணப்பிக்க, ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதம் காட்ட வேண்டும், 35 மணி நேரப் பயிற்சி தனி. மூன்றாம் ஆண்டு மாணவருக்கு அதை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டுமே கடன் வாங்கிக் கட்டுகிற இடம் இல்லை. உங்களை மாதிரி மாணவர்களுக்கு அதே அமைப்பு சி.ஏ.பி.எம். என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறது, பிளஸ் டூ முடித்து 23 மணி நேரம் பயிற்சி எடுத்திருந்தால் போதும், வேலை அனுபவம் கேட்க மாட்டார்கள். அதுகூட இப்போதே அவசரமாக வேண்டாம், கடைசி வருடம் யோசிக்கலாம். பாடம் கேட்க வேண்டும் என்றால் என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுத்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்புகள் இலவசமாகவே இருக்கின்றன, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

அப்புறம் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காலேஜ் முடித்து வந்தவரிடம் யாரும் ஒரு கட்டடத்தை ஒப்படைக்க மாட்டார்கள். சைட் என்ஜினியர், பில்லிங் என்ஜினியர், பிளானிங் என்ஜினியர் என்றுதான் ஆரம்பம். நானும் பில்லிங்கில் உட்கார்ந்து, மேஸ்திரிமார்கள் கொண்டுவரும் அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்துத்தான் தொடங்கினேன். அந்த வருடங்கள் வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். அப்பா மேஸ்திரி என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வீட்டில் இந்தத் துறை தெரிந்தவர் யாரும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் அப்பா செய்வது இந்த வேலையைத்தான்.

ஒரு வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போடுகிற நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு மிக்சர் மெஷின் வந்து நிற்கிறது, இருபது ஆள் வந்தாச்சு, ஜல்லியும் மணலும் இறங்கியாச்சு, சிமென்ட் மூட்டை அடுக்கியாச்சு. மேலே ஏறிப் பார்த்தால் கம்பி கட்டியிருக்கிறது, ஆனால் ஒரு அறையில் எலக்ட்ரிக் பைப் போடவில்லை, ஃபேன் பாக்ஸும் இல்லை. எலக்ட்ரீஷியன் வேறு ஊரில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. பைப் இல்லாமல் போட்டுவிட்டால் நாளைக்குத் தளத்தை உடைக்கணும். காத்திருந்தால் இருபது பேர் கூலியும் மெஷின் வாடகையும் நிற்கும். மேற்கே மேகம் வேறு கறுக்கிறது. இப்படி ஒரு காலை வராமல் இருக்க, நல்ல மேஸ்திரி இரண்டு நாள் முன்னாலேயே எலக்ட்ரீஷியனுக்கு நாலு தடவை போன் போட்டிருப்பார், கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்குகிற வைப்ரேட்டர் பழுதானால் இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருப்பார், மழை வந்தால் மூட தார்ப்பாய் எடுத்து வைத்திருப்பார். எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது, எது தவறினால் எது நிற்கும், அதற்கு மாற்று என்ன என்பதைத்தான் புத்தகங்கள் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்கின்றன. உங்கள் அப்பா அதை எழுதி வைக்காமல் தலையிலேயே வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் இந்த செமஸ்டர் லீவில் அவர் கூடப் போங்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. தினமும் காலையில், இன்றைக்கு என்ன முடியும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். சாயங்காலம், உண்மையில் என்ன முடிந்தது என்று எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் காரணத்தை ஒரே வரியில் போடுங்கள்: மணல் லோடு மதியம்தான் வந்தது, இரண்டு சித்தாள் வரவில்லை, வீட்டுக்காரர் ஜன்னலை மாற்றச் சொன்னார், இப்படி. நான்கு வாரம் போனால் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று உங்களுக்கே தெரியும். நான் இன்டர்வியூ எடுக்கும்போது இப்படி ஒரு நோட்டை யாராவது மேசை மேல் வைத்தால், மற்ற சான்றிதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்வேன்.

நோட்டு நிரம்பியதும் அதே வீட்டை ஒரு சார்ட் பேப்பரில் வரையுங்கள். அஸ்திவாரத்திலிருந்து பெயின்ட் வரை ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டம், எதற்குப் பின் எது என்று அம்புக்குறி, பக்கத்தில் எத்தனை நாள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை எந்த வழி மிக நீளமோ அதுதான் கிரிட்டிக்கல் பாத், 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் உருவாக்கிய முறை, வகுப்பில் கணக்காகப் போட்டிருப்பீர்கள். சொந்தமாக வரையும்போதுதான் அது புரியும். உதாரணத்துக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு அடியில் முட்டுகளை 7 நாள் விட வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. ஆளைக் கூட்டினால் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடாது. அந்த நாட்களில் வேறு எந்த வேலையைச் செய்யலாம் என்று யோசிப்பவருக்குத்தான் வீடு தேதிக்கு முடியும்.

நம் ஊர்ப் பக்கமே நடந்த ஒன்று சொல்கிறேன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில், பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. சரிசெய்ய ரயில்வே 6 மாதம் கெடு வைத்தது, மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த ரயில்வே என்ஜினியர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. வெளியூர்களிலிருந்து கர்டர் வந்து சேரும் வரை காத்திருப்பதுதான் அங்கே நீளமான வழி. விழுந்த கர்டர்கள் கடலில் கிடக்கின்றன என்று மீனவர்கள் மூலம் தெரிந்ததும், அவற்றையே தூக்கியெடுத்து மாட்டி, 46 நாளில் பாலத்தை முடித்தார். களத்தில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் ஒரு பெரிய காத்திருப்பையே இல்லாமல் செய்துவிட்டது. நீங்கள் மேஸ்திரி வீட்டுப் பிள்ளை, அந்தப் பழக்கம் உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதில் வரும்.

சாஃப்ட்வேர் பற்றிக் கவலை வேண்டாம். எக்செல் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், வேலைகளைத் திட்டமிட உதவும் எம்.எஸ். ப்ராஜெக்ட்டோ பிரைமவேராவோ கல்லூரி லேபில் இருந்தால் உங்கள் சார்ட் பேப்பர் வீட்டை அதில் ஏற்றிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கும் அதே நோட்டு உதவும், சாயங்காலம் எழுதுவதை அரைப் பக்கம் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சைட்டிலிருந்து தினமும் ஆபீசுக்குப் போகிற ரிப்போர்ட் ஏறக்குறைய அந்த அளவுதான், அந்த மாதிரிதான்.

அப்பாவிடம் இதைப் பேசுங்கள். கோர்ஸ் பணம் வேண்டாம், லீவில் உங்க கூட வர்றேன், சொல்லிக் கொடுங்க என்று கேளுங்கள். நான்கு வாரம் முடிந்ததும் அந்த நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கணக்கு எங்கே தவறியது என்று சேர்ந்து பார்ப்போம்.