வாட்சனுக்கு நியாயம் கிடைத்ததா?

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனைக் கதாநாயகனாக்கி 'வாட்சன்' என்றே அமெரிக்காவில் ஒரு டிவி தொடர் வந்திருக்கிறதாமே, பார்த்தீர்களா? நூறு வருஷத்துக்கு மேல் பக்கவாத்தியம் வாசித்த மனிதருக்கு இப்போதாவது நியாயம் கிடைத்ததா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் சில பகுதிகள் பார்த்தேன். தனிக் கச்சேரியே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் வாசித்த வாத்தியத்தைப் பிடுங்கிக்கொண்டு மேடையேற்றியிருக்கிறார்கள்.

2025 ஜனவரி 26-ல் சிபிஎஸ் சானலில் தொடங்கியது. வாட்சனாக மாரிஸ் செஸ்ட்நட். ஹோம்ஸும் அவருடைய பரம எதிரி மோரியார்ட்டியும் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் விழ, வாட்சனும் பின்னாலேயே குதிக்கிறார். தலையில் பலத்த அடியோடு பிழைத்து, ஹோம்ஸ் விட்டுப்போன பணத்தில் பிட்ஸ்பர்க் நகரில் யாருக்கும் பிடிபடாத நோய்களுக்கென்று ஒரு கிளினிக் திறக்கிறார். கூடவே நான்கு இளம் டாக்டர்கள். 'ஹவுஸ்' என்ற பழைய மருத்துவத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். அந்த டாக்டர் ஹவுஸே ஹோம்ஸின் நகல்தான், வீட்டு எண்கூட ஹோம்ஸின் அதே 221பி! ஹோம்ஸின் மூளையையோ அவரைப் படைத்த எழுத்தாளர் கானன் டாயில் எடின்பரோவில் தனக்குப் பாடம் எடுத்த டாக்டர் ஜோசப் பெல்லிடமிருந்து எடுத்தார். டாக்டரிடமிருந்து புறப்பட்ட மூளை ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போது வாட்சன் தலையில் இறங்கியிருக்கிறது. பெயர்ப்பலகைதான் வாட்சன், உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஹோம்ஸ்.

அந்த அருவிக் காட்சிதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. 1893-ல் வந்த மூலக்கதையான 'தி ஃபைனல் பிராப்ள'த்தில் வாட்சன் அங்கே இல்லவே இல்லை. பாதி வழியில் ஒரு பையன் ஓடிவந்து கடிதம் கொடுக்கிறான்: ஓட்டலில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி காசநோய் முற்றிக் கிடக்கிறார், தன் நாட்டு டாக்டர்தான் வேண்டுமாம். வாட்சன் இறங்கிப் போகிறார். ஓட்டலில் அப்படி யாருமில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், பாறையில் சாய்த்துவைத்த ஹோம்ஸின் மலையேறும் கோல். ஒரு வெள்ளி சிகரெட் டப்பா. அதன் அடியில் நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாளில் அவருக்கு எழுதிய கடிதம். நோயாளி என்றால் இந்த மனிதர் போகாமல் இருக்கமாட்டார் என்பது அந்தப் பொய்க் கடிதத்தை அனுப்பிய மோரியார்ட்டிக்கே தெரிந்திருக்கிறது. அவரை நல்ல டாக்டர் என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? இவர்களோ தண்ணீரில் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம், அவருடைய உண்மையான தொழில் எழுத்து. மொத்தம் 60 கதைகளில் 56 அவர் சொன்னவை. ஹோம்ஸே பேனா பிடித்த இரண்டு கதைகளும் சவசவ. டிவி வாட்சனுக்கு இந்தக் கதைசொல்லி வேலையே இல்லை.

1939-46 ஹோம்ஸ் படங்களில் வாட்சனாக நடித்த நைஜல் புரூஸ் அவரை அசடாக்கியதற்கு இது எவ்வளவோ தேவலை, சரி. செஸ்ட்நட்டின் நிதானமும் பிடித்திருந்தது. ஆனால் 2012-ல் தொடங்கிய 'எலிமெண்டரி' தொடரில் நடிகை லூசி லியூவின் வாட்சன், ஹோம்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தொழில் கற்று நிமிர்ந்தார். அதில் பணியாற்றிய கிரெய்க் ஸ்வீனிதான் இந்தத் தொடரையும் உருவாக்கியவர். தெரிந்தே கோட்டை விட்டிருக்கிறார்.

மருத்துவத் தொடர் என்று நினைத்துப் பார்த்தால் பொழுது போகும். வாட்சன்தான் வேண்டுமென்றால் அந்த 1893 கதையைத் தேடிப் படியுங்கள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.