இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டால் அப்பாவால் சாப்பிட முடியுமா?

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய், இரைப்பையை முழுவதும் எடுக்கப் போகிறார்கள், அதற்கப்புறம் சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஆபரேஷன்தான் நடந்தது. இட்லி, சோறு, மீன் குழம்பு எல்லாம் சாப்பிடுகிறேன். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். செரிமானத்தில் பெரும்பங்கு சிறுகுடலில்தான் நடக்கிறது என்பதால் வண்டி ஓடும்.

ஆனால் பசிக்காது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. அதனால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி, இல்லையென்றால் ஒரு முட்டை, நன்றாக மென்று. அதற்கு மேல் போனால் நெஞ்சு அடைக்கும். தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

பார்க்க வருகிறவர்கள் ஜூஸும் சர்க்கரை போட்ட கஞ்சியுமாகக் கொண்டுவருவார்கள். பாசம்தான், ஆனால் என்னைப் படுக்க வைத்ததே அவைதான். இனிப்பான திரவம் தடுக்க ஆளில்லாமல் நேரே குடலில் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கிக்கொண்டு போகும். அதோடு முடிந்தது என்று நினைத்தால், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை குறைந்து கை நடுங்கும். டம்பிங் என்பார்கள். எனக்கு மாதங்கள் போகப் போகக் குறைந்தது. முட்டை, மீன், பருப்பு மாதிரி புரதத்தை முதலில் சாப்பிடுவது கைகொடுத்தது. சாப்பிட்ட உடனே மல்லாந்து படுத்தால் பித்தம் தொண்டை வரை எரியும், அதனால் தலைமாட்டை உயர்த்தித்தான் தூங்குகிறேன்.

கீமோவில் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து இருந்தால் குளிர்ச்சியான எதையும் தொடவிடாதீர்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தாலே விரல்கள் சுரீர் என்னும்.

உடம்பு இளைக்கும். கல்யாண வீடுகளில் "என்ன இப்படி ஆயிட்டீங்க" என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயோடு இலையில் இன்னொரு கரண்டி சோறும் வைப்பார்கள். எனக்கு நோயைவிட அந்தப் பந்திதான் பெரிய தொல்லை. வீட்டில் அம்மாவும் "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சக்கூடும். அப்பா போதும் என்றால் போதும்தான், மீதியை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வைட்டமின் பி12. உணவிலிருந்து அதை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேவையான புரதத்தைச் சுரப்பதும் இரைப்பைதான். ஆகவே பி12-க்கு ஆயுள் முழுக்க மருந்து தேவை, எனக்கு ஊசிதான். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.