ஜன்னல் பிடிக்கவில்லை என்று வீட்டைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: உயரம், இடைவெளி என்று எல்லா விதிகளுக்கும் உட்பட்டு வருகிற ஒரு குடியிருப்புத் திட்டத்தைக்கூட, பார்க்க நன்றாக இல்லை என்று நகரத்தின் வடிவமைப்புப் பரிசீலனைக் குழு நிறுத்திவைக்கிறதே, அந்தக் குழுவைக் கலைத்துவிட்டால் என்ன?

பதில்: கலைக்க வேண்டாம், ஆனால் அதன் வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்தப் பரிசீலனை முறை 1994-ல் வந்தது, பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், கட்டடக்கலைஞர், பில்டர், பகுதிவாசி, வியாபாரி என்று கலந்து உட்கார்ந்து, பொதுக்கூட்டத்தில் வரைபடத்தைப் பார்ப்பார்கள். கட்டடம் மனையில் எப்படி அமைய வேண்டும் என்று முதல் கூட்டம், விரிவான வரைபடத்தோடு அடுத்த கூட்டம். இரண்டோடு முடிந்தால் யாருக்கும் புகார் இருக்காது. குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் செங்கல் நிறத்தை மாற்று, பால்கனியை உள்ளே தள்ளு, திரும்ப வா என்பார்கள். அந்த மாதங்கள் முழுக்க நிலத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அதில் ஒரு பங்காவது பிற்பாடு வாடகையில் வந்து விடியும்.

இத்தனை பாடுபட்டு அழகாவது வருகிறதா? அதுவும் சந்தேகம்தான். ‘கட்டடம் பெரிதாகத் தெரிகிறது, முகப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுங்கள்’ என்பது இந்தக் கூட்டங்களில் அடிக்கடி விழும் யோசனை. ஆர்க்கிடெக்ட்டும் சரி என்று முகப்பில் நாலு பெட்டிகளை முன்னே தள்ளி, நாலு நிறப் பலகை ஒட்டி எடுத்துவருவார். எல்லாரும் அதையே செய்வதால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரு முழுக்க ஒரே ஜாடை. வெளிச்சுவர் நீளம் கூடுவதால் செலவு கூடும், வெப்பம் வெளியேறும் பரப்பு கூடும், மழைநீர் கசிய மூலைகளும் கூடும். தட்டையான முகப்பும் ஒழுங்கான ஜன்னல் வரிசையும் உள்ள பழைய கட்டடங்களைத்தான் நாம் நின்று பார்க்கிறோம், அதையே இன்று வரைந்து கொண்டுபோனால் ‘சலிப்பாக இருக்கிறது’ என்று திருப்பிவிடுவார்களோ என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: அப்படியானால் எதை மாற்றுவது?

பதில்: விதியை எழுத்தில் வைக்க வேண்டும். ‘சுற்றுப்புறத்தோடு இசைந்திருக்க வேண்டும்’ என்பது விதியே இல்லை, ஆளுக்கொரு அர்த்தம். ‘தெருவைப் பார்த்த தரைத்தளச் சுவரில் பாதியாவது கண்ணாடியாக இருக்க வேண்டும், வாசல் நடைபாதையிலிருந்து நேரே திறக்க வேண்டும்’ என்றால் வரைபடத்தோடு உட்கார்ந்து யாரும் சரிபார்த்துவிடலாம். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் 2023-ல் இதையே சட்டமாக்கியது: வடிவமைப்பு விதிகள் தெளிவாக, சரிபார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும், பரிசீலனைக்குப் பொதுக்கூட்டம் ஒன்றுக்கு மேல் கூடாது, மண்டல விதி (எந்தப் பகுதியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதி) அனுமதித்த உயரத்தையும் அடர்த்தியையும் அழகின் பெயரால் வெட்டக் கூடாது. கடைசி அம்சம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நிறத்தைப் பற்றிப் பேசுகிற பலருக்கு உண்மையான மனக்குறை மாடிகளின் எண்ணிக்கைதான்.

கேள்வி: ஒரே கூட்டம் என்றால் மக்கள் குரலை அடக்குவது ஆகாதா?

பதில்: வேலைநாள் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வர முடிகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே சொந்த வீடு உள்ளவர்கள். நாளை அந்தக் கட்டடத்தில் குடியேறப்போகிறவர் அந்த அறையில் இருக்கவே முடியாது. மக்கள் பேசட்டும், நன்றாகவே பேசட்டும், ஆனால் விதியை எழுதும்போது பேச வேண்டும். எழுதி முடித்த விதிப்படி ஒருவர் பணம் போட்டு வந்த பிறகு ஒவ்வொரு மனைக்கும் புதிதாகப் பஞ்சாயத்து வைப்பது நியாயமில்லை.

கேள்வி: பழமையான தெருக்களுக்கும் இதேதானா?

பதில்: இல்லை. பாரம்பரியச் சின்னங்களுக்கும் வரலாற்றுப் பகுதிகளுக்கும் அந்தச் சட்டமே விலக்கு தருகிறது, அங்கே நிதானமாகப் பார்ப்பதுதான் சரி. பக்கத்து மனையில் ஆறு மாடி வரப்போகிறது என்றதும் வண்டி நிறுத்தும் கொட்டகைக்குத் திடீரென்று வரலாறு தேடுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.